ஒரு மணிக் கூலியில் ஒரு கச்சேரி

"கூலி உயர்வு கேள், பஞ்சப்படி கேள், வீட்டுமனை கேள், பாட்டும் கூத்தும் உனக்கு எதற்கு?" என்று உழைப்பாளியைப் பார்த்துக் கேட்கும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். நம்மிடையே உள்ள நல்ல தோழர்கள் சிலரும்கூட, "முதலில் வயிறு நிரம்பட்டும், கச்சேரியைப் பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். கனவான்களுக்குப் பதில் சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை. தங்கள் வயிறு நிரம்பிய பின் எந்த மண்டபத்தில் எந்தப் பாட்டு என்று தேடிப் போகிறவர்கள் அவர்கள். அதே ஆசை கூலிக்காரனுக்கு வந்தால்தான் அது ஆடம்பரம் ஆகிவிடுகிறது. தோழர்களோடுதான் நாம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தை வைத்தே பேசுவோம். 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004இல் கிருஷ்ணகிரி தனியே போனது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 68.5 பேர், தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்தால் பறித்ததை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார் குடியானவர். அரூர்ப் பக்கம் கோபாலபுரத்திலும், பாலக்கோட்டுப் பக்கம் திம்மனஅள்ளியிலும் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. அரவை எத்தனை நாளோ அத்தனை நாள்தான் பருவத் தொழிலாளிக்கு வேலை. மற்ற நாட்களில் ஜனங்கள் பஸ் ஏறுகிறார்கள். பென்னாகரத்திலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் கொத்தனாரும் சித்தாளும் பெங்களூர் போகிறார்கள். பெண் பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் கோவை வட்டார நூல் மில்களுக்கும் போகிறார்கள். இப்படிப் போகிறவர்கள் பெரிய நகரத்தில் வாழ்கிறார்களா, அல்லது அங்கே வெறுமனே வேலை மட்டும் செய்கிறார்களா? நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

இதே மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்ற ஊரில் 1925 ஜூலையில் கண் மூடினார் சுப்பிரமணிய சிவா. சிறையில் பற்றிய தொழுநோயோடு ஊர் ஊராக நடந்த அந்த மனிதரைத் தேசபக்தர் என்று மேடையில் புகழாத கட்சி கிடையாது. அவர் எதற்காகச் சிறை போனார் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சிவாவும் அவர்கள் பக்கம் நின்று பேசினார்கள். கேட்டது கூலி உயர்வு மாத்திரமா? வேலை நேரத்தைக் குறை என்று கேட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு விடு என்றும் கேட்டார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே வெள்ளைக்கார முதலாளி பணிந்தான். கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிக்குச் சொந்தமாயிற்று. அதே மாதம் 12ஆம் தேதி தலைவர்கள் இருவரையும் சர்க்கார் பிடித்து உள்ளே தள்ளியது. அரை வயிற்றுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அந்த மில் தொழிலாளிகள், "வயிறு நிரம்பட்டும், ஞாயிற்றுக்கிழமையைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள், சேர்த்தே வாங்கினார்கள். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றியபோதும் விஷயம் இதுவே. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மிச்சம் எட்டு மணி நேரம் மனிதனுக்கு. அந்தக் கடைசி எட்டு மணி நேரத்தைப் பற்றித்தான் நாம் இன்று எழுதுகிறோம். அது யார் கையில் இருக்கிறது?

கிராமத்தில் அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். கலைக்குத் தருமபுரி புதிய ஊர் அல்ல. தகடூரில் அதியமான் பாணரையும் விறலியரையும் ஆதரித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அது அரசன் கொடுத்தது. நாம் சொல்ல வந்தது ஜனங்களே நடத்துவது. திரௌபதி அம்மன் கோயில் திடலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கி கதை சொல்வார். இரவு பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் முகவீணையும் ஹார்மோனியமும் முழங்கக் கூத்து தொடங்கும். கட்டியங்காரன் வந்து ஊர்ப் பெரியதனக்காரரைக் கேலி செய்வான். பெரியதனக்காரரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், திரௌபதி சபையில் நியாயம் கேட்பாள், கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் களத்தில் கிடப்பான். தாய்மார்கள் கோணிப்பையையும் பாயையும் விரித்து, தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும் வரை பார்ப்பார்கள். அந்தத் திடலில் வாசல் கிடையாது, வாசலில் ஆள் கிடையாது, சீட்டுக் கிழிப்பது கிடையாது. அப்படியானால் கலைஞனுக்குக் கூலி எங்கிருந்து வந்தது? தலைக்கட்டு வரியாக ஊரே போட்டது. உள்ளவன் கொஞ்சம் கூடுதலாக, இல்லாதவன் ஒரு படி தானியமாக. செலவு எல்லோருக்கும் பொது, பார்ப்பதும் பொது. சோஷலிசம் என்ற சொல்லைக் கேட்டிராத ஜனங்கள் கச்சேரிக்குக் காசு திரட்ட இதைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்று நாம் நினைக்கவில்லை.

ஆனால் அந்தத் திடலை நாம் சொர்க்கமாக்கி எழுதத் தயாராக இல்லை. எல்லோருக்கும் பொது என்றோமே, அந்த எல்லோரில் சேரி சேர்ந்ததில்லை. எத்தனையோ ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்களிடம் தலைக்கட்டு வரி வாங்க மறுத்தார்கள். வரி மிச்சம்தானே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், பங்கு கொடுத்தால் பக்கத்தில் உட்கார இடம் கொடுக்க வேண்டும், அதனால்தான் மறுத்தார்கள். பறை அடிக்க மட்டும் ஆள் அனுப்பச் சொன்னார்கள். 2012 நவம்பர் 7ஆம் தேதி இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளைக் கொளுத்திய கைகள் எந்த மண்ணில் வளர்ந்தவை என்று யாருக்குத் தெரியாது? காலனிப் பையன் ஒருவன் பெங்களூர் போய், பெருங்கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "நீ எந்தத் தெரு?" என்று கேட்பாரில்லாமல் ஓர் இரவு பாட்டுக் கேட்கிறான் என்றால், அவனுக்கு அது பொழுதுபோக்கு மட்டுமா? வாடகை வீடு தேடும்போது நகரமும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்கிறது என்பது வேறு விஷயம். திடலில் கிடைக்காத இடம் கூட்டத்தில் கிடைக்கிறது.

ஆகவே நகரத்துக்கு வருவோம். அங்கே கச்சேரிக்கு என்ன விலை?

2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே என்ற ஆங்கிலப் பாட்டுக் குழு பம்பாய்ப் பக்கம் நவி மும்பையில் பாடியது. சீட்டு விலை 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை. கள்ளச் சந்தையில் லட்சக் கணக்கில் விலை பேசினார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தின் கீழ் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். கணக்குப் போடுங்கள். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்து, ஒரு காசு பிடிக்காமல் கொடுத்தால் 33,600 ரூபாய். ஒரு வருஷம் முழுவதும் சட்டம் உறுதி சொன்ன மொத்தக் கூலியையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் அந்த உச்ச விலைச் சீட்டுக்கு இன்னும் 1,400 ரூபாய் கடன் வாங்க வேண்டும்! இங்கிலீஷ்காரன் பாட்டுத்தானே, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். 2023 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னை பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரியில் நடந்தது என்ன? இடம் கொள்ளாத கூட்டம். ஆயிரக் கணக்கில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டை அவர்களே வெளியில் சொன்னார்கள். ரகுமான் வருத்தம் தெரிவித்தார், சீட்டின் நகலை அனுப்பும்படி கேட்டார். பாட்டுக்காரர் மீது நமக்குக் குறை இல்லை. பாட்டைச் சரக்காக்கி, திடலைக் கடையாக்கி, எத்தனை தலை திணிக்கலாம் என்று எண்ணுகிறதே ஒரு வியாபாரம், அதன் மீதுதான் குறை.

ஆனாலும் நகரம் என்றால் இந்த வியாபாரம் ஒன்றுதான் என்று நம் வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. கையில் காசில்லாதவன் போகக் கூடிய இரவுகளும் அங்கே உண்டு. அவற்றைச் சொல்லாமல் முதலாளியைத் திட்டி மட்டும் எழுதினால், அறைக்குள் முடங்கிக் கிடக்கும் தொழிலாளிக்கு நம் பத்திரிகையால் என்ன பயன்?

சித்திரைப் பௌர்ணமி இரவில் பெங்களூர்ப் பேட்டையில் கரகம் புறப்படுகிறது. திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பி விடியும் வரை தெருத் தெருவாகப் போகும். எடுக்கிறவர்கள் திகளர் சமூகத்தார். தோட்டக்கார உழைப்பாளிகள், தமிழோடு பூர்வீக உறவு உள்ளவர்கள். கும்பிடுவது யாரை? நம் ஊர்த் திடலில் நியாயம் கேட்ட அதே திரௌபதியை! கரகம் போகிற வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வருகிறது. இந்துவையும் முஸ்லிமையும் மோதவிட்டுப் பிழைப்பவர்கள் அந்த ஓர் இரவு அந்த வாசலில் நின்று பார்க்கட்டும். பாலக்கோட்டுக் கொத்தனாருக்கு அந்த ஊர்வலத்தில் அந்நியமாக ஒன்றுமே தெரியாது. காசும் வேண்டாம்.

கார்த்திகைக் கடைசியில் பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை. நம் தமிழ்நாட்டு மூட்டைகளும் அங்கே குவிகின்றன. கடலை பறித்த கை, அதைக் கொறித்துக்கொண்டு ராத்திரி முழுவதும் சந்தையில் சுற்றி வரலாம். ராமநவமிக் காலத்தில் சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, 1939 முதல் சங்கீதக் கச்சேரிகள் நடக்கின்றன. உள்ளே சீட்டு வாங்கியவர்கள் உட்காருகிறார்கள். வெளியே ரோட்டோரத்தில் நின்று கேட்கும் கூட்டத்தின் காதுக்கும் அதே பாட்டுத்தான் எட்டுகிறது. தாகூர் நூற்றாண்டின் நினைவாக 1963இல் திறந்த ரவீந்திர கலாக்ஷேத்திரம் சர்க்கார் மண்டபம். அதன் பின்னால் திறந்தவெளி அரங்கு ஒன்றும் இருக்கிறது. ஜே.பி. நகரில் 2004 முதல் ரங்கசங்கரா நாடக அரங்கு. கன்னடம் புரிய ஆரம்பித்துவிட்ட நம் பையன்கள் அங்கே நாடகம் பார்க்கப் போகக் கூடாதா? சினிமாக் கொட்டகையில் கொடுப்பதைவிட அங்கே அதிகம் கேட்பார்கள் என்ற பயம் வேண்டாம், விசாரித்துப் பார்க்கட்டும்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்கழியில் பல சபாக்களில் பகல் கச்சேரிக்குச் சீட்டே கிடையாது. இளம் வித்வான்கள் பாடுவார்கள், நாற்காலிகள் பாதி காலியாக இருக்கும். நாமும் போய் உட்காரலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அங்கே உள்ளவர்களின் பார்வை தடுக்கும். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடியதே சங்கீதம் என்று இருந்த நிலையை எதிர்த்து 1943இல் தமிழிசைச் சங்கம் தொடங்கினார்கள். தொடங்கியவர் செட்டிநாட்டு ராஜா என்றாலும் கோரிக்கை ஜனங்களுடையது. 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவ மக்களோடு சேர்ந்து, கடற்கரைக் குப்பத்திலேயே விழா எடுத்தார்கள். ஒரு மேடை, அதில் சங்கீதமும் பறையும். சபாவுக்குப் போகத் தயங்கியவன் வாசலுக்கு சங்கீதம் வந்தது, குப்பத்துக்குள் கால் வைத்திராதவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். 2007இல் ஆரம்பித்து நடுவில் நின்றுபோன சென்னை சங்கமத்தை 2023 முதல் தமிழ்நாடு சர்க்கார் மறுபடி நடத்துகிறது. பூங்காவிலும் மைதானத்திலும் கிராமத்துக் கலைஞர்கள் ஆடுகிறார்கள், அனுமதி இலவசம். நல்ல காரியம். பொங்கலுக்கு நாலு நாள் மட்டும் என்பதுதான் குறை.

தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் நடத்தி வரும் கலை இரவுகளையும் இங்கே சொல்ல வேண்டும். நடு வீதியில் மேடை, தார் ரோட்டில் ஜனங்கள், விடிய விடிய பாட்டும் நாடகமும் பேச்சும். உண்டியலில் விழும் சில்லறையில் நடக்கிறது. தலைக்கட்டு வரி போட்ட பழைய முறைதான். ஜாதிக் கோட்டை மட்டும் அழித்துவிட்டு நடத்துகிறார்கள். சில கலை இரவுகளில் பேச்சு கொஞ்சம் நீண்டுவிடுகிறது. பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டாதீர்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்!

இத்தனை இரவுகள் இலவசமாகவும் மலிவாகவும் இருந்தும் நம் ஆட்கள் ஏன் போவதில்லை? ரசனை இல்லை என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். விடிய விடியக் கர்ண மோட்சம் பார்த்த பரம்பரைக்கு ரசனையைக் கற்றுக்கொடுக்க எவனும் பிறக்கவில்லை.

நேரம் இல்லை. அதுதான் முதற்காரணம். 2023இல் கர்நாடக சர்க்கார் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டலாம் என்றது. அதே ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாட்டு சட்டசபையிலும் அப்படி ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எழுந்தன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். இங்கே நின்றது, அங்கே நிற்கவில்லை. "வாரத்துக்கு 48 மணிதானே, நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு" என்று சர்க்கரை தடவிச் சொல்கிறார்கள். ஓவர்டைம் இல்லாமல் வாடகை கட்ட முடியாதவனுக்கு மூன்று நாள் லீவாம்! பன்னிரண்டு மணி நேரம் நின்றவன், போக ஒரு மணி, வர ஒரு மணி, சமைக்க ஒரு மணி கழித்தால் எந்தக் கரகத்தைப் பார்ப்பான்? கட்டடத் தொழிலாளிக்கு அந்தச் சட்டமும் கிடையாது. மேஸ்திரி சொன்னால் இரவு காங்கிரீட் போட வேண்டும்.

அடுத்தது பஸ். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் மெட்ரோ ரயில் நள்ளிரவுக்கு முன்பே ஓய்ந்துவிடுகிறது. ஓடுகிற நேரத்திலும் 2025 பிப்ரவரியில் ஏற்றிய கட்டணத்தின்படி நெடுந்தூரத்துக்கு ஒரு வழிக்கு 90 ரூபாய். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு அந்தத் தூண்களை நிறுத்தியவன் ஊர்க்கோடித் தகரக் கொட்டகையில் இருக்கிறான். போக வர 180 ரூபாய் எண்ணி வைத்தால்தான் தான் கட்டிய ரயிலில் ஏறி இலவசக் கச்சேரிக்குப் போக முடியும். இதை இலவசம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. பெண்களுக்குப் பஸ்ஸில் கட்டணமில்லை என்று 2023 ஜூனில் கர்நாடகம் கொண்டுவந்த சக்தித் திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது கர்நாடகத்தில் வசிப்பதாக அடையாள அட்டை காட்டும் பெண்ணுக்குத்தான். அரூர் ஆதார் அட்டையோடு கல் சுமக்கும் சித்தாளுக்கு டிக்கெட் கிழிப்பார்கள். அந்த நகரத்தின் மாடிகளைத் தலைமேல் சுமந்தவள் அந்த நகரத்தில் வசிப்பவள் இல்லையாம்!

மில் விடுதியில் இருக்கும் பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பூட்டிய கேட், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதானாலும் வார்டனின் காவலோடு வரிசையில் போக வேண்டும், ஊரிலிருந்து அண்ணன் வந்தாலும் ஆபீஸ் அறையில்தான் பார்க்கலாம். "பெற்றோர் நம்பி அனுப்பியிருக்கிறார்கள், பாதுகாப்புக்காகத்தான்" என்கிறது நிர்வாகம். நைட் ஷிப்டில் நள்ளிரவு தாண்டியும் அந்தப் பெண்ணை இயந்திரத்தின் முன் நிறுத்தும்போது இந்தப் பாதுகாப்புக் கவலை எங்கே போகிறது? இரவு நேரத்தில் அவள் நூல் இழைக்கலாம், பாட்டுக் கேட்கக் கூடாது. தாய்மார்களே, நம் பெண்களைப் பூட்டி வைப்பது அவர்களுடைய மானத்தைக் காக்கவா, ஷிப்டுக்கு ஆள் குறையாமல் காக்கவா என்று யோசித்துப் பாருங்கள்.

இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் சர்க்காரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதையும் ரத்தத்தில் எழுதிப் படித்திருக்கிறோம். 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில், கிரிக்கெட் வெற்றி விழா பார்க்க வந்த 11 பேர் மிதிபட்டு மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில் ஓர் அரசியல் கட்சிக் கூட்டத்தில் 41 பேர். நடிகரையும் ஆட்டக்காரரையும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வந்த ஏழை ஜனங்கள். "ஏன் போனார்கள்?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டவர்கள் உண்டு. எத்தனை வாசல் திறந்தாய், எத்தனை குடிதண்ணீர்த் தொட்டி வைத்தாய், எத்தனை மணிக்கு என்று சொல்லி எத்தனை மணிக்கு வந்தாய் என்று நாம் கேட்கிறோம். ஆயிரம் பேரை விடிய விடிய உட்கார வைத்துப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிய திடல்கள் நம் கிராமங்களில் இருக்கின்றன. ஏற்பாடு என்பது முடியாத காரியமா?

மலிவு என்பதை எதைக் கொண்டு அளப்பது? 500 ரூபாய் ஒருவனுக்குக் காப்பிச் செலவு, இன்னொருவனுக்கு ஒன்றரை நாள் உழைப்பு. ரூபாயில் அளந்தால் ஏமாந்துபோவோம். உழைத்த மணியில் அளக்க வேண்டும். லண்டனில் 1895 முதல் ஆண்டுதோறும் கோடையில் பிராம்ஸ் என்ற சங்கீத விழா நடக்கிறது. ஆரம்பத்தில் நின்று கேட்க ஒரு ஷில்லிங். 2024இல் நின்று கேட்கும் இடத்துக்கு எட்டுப் பவுன். அந்த ஆண்டு இங்கிலாந்தில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுன். அதாவது ஒரு மணி நேரம் தரை துடைத்தவன், அந்தக் கூலியில் மிச்சம் வைத்து, உலகப் புகழ் பெற்ற வித்வான்களை மேடைக்கு நேர் எதிரே நின்று கேட்கலாம். முதலாளித்துவ இங்கிலாந்தில் இது முடிகிறது! நம் கணக்குக்கு 336 ரூபாயை எட்டால் வகுத்தால் 42 ரூபாய். நாற்பது ரூபாய்க்கு ஒரு நல்ல கச்சேரிச் சீட்டு என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். 2010களில் சென்னையின் பெரிய குளிர்சாதனத் தியேட்டர்களில்கூட முன்வரிசையில் பத்து ரூபாய்ச் சீட்டு இருந்தது. சர்க்கார் விதி போட்டு வைத்திருந்ததால் இருந்தது. பத்து ரூபாய்ச் சீட்டால் எந்தத் தியேட்டர்காரரும் திவாலாகவில்லை.

வியன்னா நகரத்துத் தொழிலாளிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1905 டிசம்பரில் டேவிட் யோசப் பாக் என்ற சோஷலிஸ்ட் பத்திரிகைக்காரர் முன்நின்று தொழிலாளர் சிம்பனிக் கச்சேரிகளைத் தொடங்கினார். நகரத்தின் தலைசிறந்த வாத்தியக் குழு, பெரிய மண்டபம், கேட்பவர்கள் தொழிலாளிகள். சீட்டு சங்கங்களின் வழியாகக் கைக்குப் போனது. வெபர்ன் போன்ற பெரிய இசை மேதைகள் அங்கே வந்து நடத்தினார்கள். "தொழிலாளிக்குப் புரியுமா?" என்று கேட்டவர்களுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் நிறைந்த மண்டபமே பதில் சொன்னது. 1934இல் ஜனநாயகத்தைக் குழிதோண்டிப் புதைத்த ஆட்சி தொழிலாளர் கட்சியைத் தடை செய்தபோது கச்சேரிகளும் நின்றன. தொழிலாளி ஒன்றாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுகூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

நம் சங்கங்கள் என்ன செய்யலாம்? கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு தொழிலாளர் நலத்துக்கென்று தீர்வை வசூலிக்கும் முறை 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. நல வாரியங்களில் பெரும் பணம் செலவாகாமல் கிடக்கிறது என்று தொழிற்சங்கங்கள் பல வருஷமாகச் சொல்லி வருகின்றன. பிள்ளைகள் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் முதலில் கொடுக்கட்டும், அதில் சந்தேகமில்லை. அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு வாரத்தில் ஓர் இரவு, பெரிய கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே, திறந்த வெளியில் ஒரு கூத்தோ கச்சேரியோ நாடகமோ ஏன் நடத்தக் கூடாது? தருமபுரிக் கூத்துக் குழுக்கள் பெங்களூருக்குப் போகட்டும். வேஷம் கட்டுகிறவருக்கு முழுக் கூலி, போக வரச் செலவு, சாப்பாடு எல்லாம் கொடுத்து அழைக்கட்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். ஏழை பார்க்க வேண்டும் என்று ஏழைக் கலைஞனின் வயிற்றில் அடிப்பது நியாயம் ஆகாது. 2007இல் தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் வந்தது. ஆனால் வைகாசி முடிந்தால் ஆடி வரை, ஆடி முடிந்தால் தை வரை வேஷக்காரர் செங்கல் சூளையில்தான் நிற்கிறார்.

சீட்டு வைத்து நடத்தும் எந்த மண்டபமானாலும், பெங்களூரோ சென்னையோ, பத்தில் ஒரு இடமாவது ஒரு மணிக் கூலிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் விதி செய்யட்டும். சர்க்கார் நிலத்தில் நிற்கும் மண்டபங்களில் இதை நாளைக்கே தொடங்கலாம். நிகழ்ச்சி முடியும் நேரத்துக்கு, தொழிலாளிகள் குடியிருக்கும் பக்கம் பஸ் விடட்டும். மகளிர் கட்டணச் சலுகையை இரு மாநிலச் சர்க்கார்களும் பேசி ஒன்றுக்கொன்று ஏற்கட்டும். தருமபுரி நகரிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் ஊர்த் திடல் ஒவ்வொன்றை எந்தத் தெருவாரும் சமமாக உட்காரும் பொதுத் திடலாக எழுதி வைத்து, ஆண்டு முழுவதும் மாதம் ஓர் இரவு நிகழ்ச்சிக்குச் சர்க்காரே பொறுப்பேற்கட்டும்.

இவை மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காரியங்கள் என்று நாம் கருதவில்லை. மில்களில் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது, விடுதிக் கேட் ஞாயிறு இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பதைக் கூலி உயர்வுக்கு அடுத்த வரியாக எழுதுங்கள். பெங்களூர்ப் பக்கம் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளர் கிளைகள், வரும் கரக இரவுக்கு அடுத்த நாள் காலை ஷிப்டுக்கு லீவு வேண்டும் என்று மேஸ்திரிகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தனித் தனியே கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். சைட் முழுவதும் சேர்ந்து கேளுங்கள்.